ஆறு நோபல் பரிசுகளுக்குப் பின்னால் ஒரே எண்: பிளாங்க் மாறிலியை வீட்டிலேயே அளப்பது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்பியலில் அப்படி என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நோபல் பட்டியலை 1901-லிருந்து வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் சீக்கிரமே அலுத்துவிடும். ராண்ட்ஜனின் எக்ஸ் கதிர், லோரன்ஸ், சீமன், அப்புறம் பெக்கெரலும் கியூரி தம்பதியும், அடுத்து ரேலி கண்டுபிடித்த ஆர்கன் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பரிசு கொடுத்த வருடமும் கண்டுபிடித்த வருடமும் வேறு வேறு என்பதால் கதை முன்னும் பின்னும் குதிக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி. ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாங்க் மாறிலி. ஒளியின் அதிர்வெண்ணை இதனால் பெருக்கினால், ஒளி சுமந்து வரும் ஆற்றலின் ஒரு பொட்டலம் எவ்வளவு என்று கிடைக்கும். 1918-ல் பிளாங்க், 1921-ல் ஐன்ஸ்டீன், 1922-ல் நீல்ஸ் போர், 1923-ல் மில்லிகன், 1925-ல் பிராங்க்கும் ஹெர்ட்ஸும், 1927-ல் காம்ப்டன் என்று ஆறு பரிசுகள் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நிற்கின்றன. அதை முதலில் நீங்களே அளந்து பாருங்கள், படிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அளக்கும்போது உங்களுக்கு எங்கெல்லாம் சிக்கல் வருகிறதோ, ஏறக்குறைய அதே இடங்களில்தான் அவர்களுக்கும் வந்தது. அந்தச் சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு பெயரும் எதற்காக அங்கே இருக்கிறது என்று தானாகப் புரியும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கினால் அளவெடுத்து முடித்துவிடலாம்.

என்னென்ன வாங்க வேண்டும்

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறத்தில் 5 மில்லிமீட்டர் எல்.இ.டி விளக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. மேல்மூடி நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் மூடியின் நிறம் உள்ளேயிருந்து வரும் ஒளியின் நிறத்தில் கைவைக்கக் கூடாது. கூடவே ஒரு 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி, கடைசியில் தேவைப்படும். 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று (கடையில் 'பாட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகியே இணைக்கும் பலகை), கொஞ்சம் ஒயர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும், மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கேளுங்கள். பெரிய செலவு மல்டிமீட்டர்தான், அதுவும் மலிவானதே போதும்.

வெள்ளை எல்.இ.டி வேண்டாம். நான் முதல்முறை செய்தபோது அதையும் சேர்த்து அளந்துவிட்டு, ஏன் கிட்டத்தட்ட நீலத்தின் அளவே வருகிறது என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். உள்ளே இருப்பது நீல எல்.இ.டிதான், அதன்மேல் பூசிய பாஸ்பர்தான் வெள்ளையாகக் காட்டுகிறது.

அதோடு இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒரு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பேன்ஸி ஸ்டோரில் குழந்தைகள் அறைச் சுவரில் ஒட்டுவதற்கு விற்பார்களே, அதுதான்.

முதல் படி: ஸ்டிக்கரில் எழுதிப் பாருங்கள்

ஸ்டிக்கரை அரை மணி நேரமாவது ஒரு டப்பாவுக்குள் மூடி வையுங்கள், ஒளிர்வு அடங்கட்டும். அறையை இருட்டாக்கிவிட்டு, சிவப்பு எல்.இ.டியை எரியவிட்டு (பேட்டரியோடு அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்துத்தான், நேரடியாக 9 வோல்ட்டில் மாட்டினால் கருகிவிடும்) ஸ்டிக்கரைத் தொடுகிற தூரத்தில் வைத்து ஒரு கோடு இழுங்கள். ஒன்றும் பதியாது. ஒரு நிமிடம் அதே இடத்தில் வைத்திருந்தாலும் பதியாது, இரண்டு சிவப்பு விளக்கைச் சேர்த்துப் பிடித்தாலும் பதியாது. இப்போது நீலத்தை எடுத்து ஒரு விநாடி இழுங்கள். பச்சையாக ஒரு கோடு மின்னிக்கொண்டு நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், தாண்டிவிடாதீர்கள். ஒளி என்பது வெறும் அலை என்றால், சிவப்பை இன்னும் பிரகாசமாக, இன்னும் நெடுநேரம் அடித்தால் எப்போதாவது வேலை நடந்தே ஆக வேண்டும். நடக்கவில்லை. 1902-ல் பிலிப் லெனார்டு உலோகத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தது இதே வகைப் புதிர்தான். ஒளியைக் கூட்டினால் வெளியே வரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது, ஒவ்வொரு எலக்ட்ரானின் வேகம் மட்டும் கூடவில்லை. 1905-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டீன், ஒளியின் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது, ஒரு பொட்டலத்தின் அளவு நிறத்தைப் பொறுத்தது என்று எழுதினார். சிவப்புப் பொட்டலம் சின்னது, நீலம் பெரியது. ஸ்டிக்கருக்குள் எலக்ட்ரானை ஏற்றி வைக்க ஒரு குறைந்தபட்ச அளவு தேவை, சின்னப் பொட்டலம் எத்தனை வந்தாலும் அந்த வாசற்படியைத் தாண்டாது.

ஸ்டிக்கரில் நடப்பது உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வரும் ஒளிமின் விளைவு அல்ல, பொருளுக்குள்ளேயே நடக்கும் சங்கதி. ஆனால் வாசற்படிக் கணக்கு ஒன்றுதான். உண்மையான ஒளிமின் விளைவையே பார்க்க வேண்டும் என்று துத்தநாகத் தகட்டையும் கிருமிநாசினி புற ஊதா விளக்கையும் வைத்து வீட்டில் செய்யும் முறைகள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

இரண்டாம் படி: சுற்றை அமைப்பது

பாட்டின் மூன்று காலில் ஓரத்தில் இருக்கும் இரண்டையும் பேட்டரியின் இரு முனைகளில் இணையுங்கள். நடுக்காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்.இ.டியின் நீளமான கால், எல்.இ.டியின் குட்டையான கால் பேட்டரியின் எதிர்முனைக்கு. அவ்வளவுதான். குமிழைத் திருப்பினால் எல்.இ.டிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஏறும். முழுக்கத் திருப்பினாலும் ரெசிஸ்டர் இருப்பதால் 7 மில்லி ஆம்பியர் அளவுதான் ஓடும், விளக்குக்கு ஆபத்தில்லை. அளக்காத நேரத்தில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், எல்.இ.டி எரியாவிட்டாலும் பாட் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இங்கே நாம் செய்வது ஐன்ஸ்டீன் சொன்னதைத் தலைகீழாக. அங்கே ஒளி வந்து எலக்ட்ரானுக்கு ஆற்றல் கொடுக்கிறது, இங்கே எலக்ட்ரானுக்கு நாம் பேட்டரியால் ஆற்றல் கொடுத்து அதை ஒளிப் பொட்டலமாக வெளியே எடுக்கிறோம்.

மூன்றாம் படி: அளப்பது

பல வழிகாட்டிகள் 'எல்.இ.டி லேசாக எரியத் தொடங்கும் இடத்தில் வோல்ட்டைக் குறித்துக்கொள்' என்று சொல்கின்றன. அப்படிச் செய்யாதீர்கள். கண்ணை நம்பினால் பச்சைக்கு ஒரு நியாயம், சிவப்புக்கு ஒரு நியாயம் ஆகிவிடும், ஏனென்றால் நம் கண்ணுக்குப் பச்சைதான் மிக எளிதாகத் தெரியும். பதிலாக எல்லா நிறத்தையும் ஒரே மின்னோட்டத்தில் வைத்து அளங்கள்.

மல்டிமீட்டரை 2000 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்த (DC) அளவில் வைத்து, ரெசிஸ்டரின் இரு பக்கமும் தொடுங்கள். ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்பதால் 100 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். குமிழை மெதுவாகத் திருப்பி 100-க்குக் கொண்டுவாருங்கள், ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. இப்போது குமிழைத் தொடாமல், மீட்டரை 20 வோல்ட் அளவுக்கு மாற்றி எல்.இ.டியின் இரு காலுக்கும் இடையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு மூன்று முறை, அதே நிறத்தின் இரண்டாவது விளக்கிலும் மூன்று முறை. இரண்டு விளக்குக்கும் சின்ன வித்தியாசம் வரும், அதையும் அப்படியே எழுதி வையுங்கள், நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு விளக்கின் அலைநீளமும் வேண்டும். வாங்கிய இடத்தில் விவரத்தாள் இருந்தால் அதிலிருப்பதை எடுங்கள், இல்லாவிட்டால் வழக்கமான மதிப்புகளான சிவப்பு 625, மஞ்சள் 590, பச்சை 525, நீலம் 470 நானோமீட்டர் என்று தொடங்கலாம்.

நான்காம் படி: கோடு வரைவது (இங்கேதான் மில்லிகனைச் சந்திக்கிறீர்கள்)

3,00,000-ஐ அலைநீளத்தால் வகுத்தால் அதிர்வெண் டெராஹெர்ட்ஸில் (ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 10¹² அதிர்வு) கிடைத்துவிடும். சிவப்பு 480, மஞ்சள் 508, பச்சை 571, நீலம் 638. வரைபடத் தாளில் கிடைமட்டமாக அதிர்வெண், செங்குத்தாக வோல்ட் வைத்து நான்கு புள்ளிகளையும் குறியுங்கள். அவற்றுக்கு நடுவே அளவுகோலை வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போகும் ஒரு நேர்கோடு இழுங்கள். வோல்ட்டை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு ஒளிப் பொட்டலத்தின் ஆற்றல் வரும், அதனால் கோட்டின் சாய்வை அதே மின்னூட்டத்தால் பெருக்கினால் பிளாங்க் மாறிலி.

கணக்கு புரிவதற்கு ஒரு உதாரணம். கோட்டில் சிவப்பின் இடம் 1.80 வோல்ட், நீலத்தின் இடம் 2.50 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.70 வோல்ட். அதிர்வெண் வித்தியாசம் 158 டெராஹெர்ட்ஸ். வகுத்தால் 4.43 × 10⁻¹⁵. அதை 1.602 × 10⁻¹⁹ ஆல் பெருக்கினால் 7.1 × 10⁻³⁴ ஜூல்-விநாடி. உண்மை மதிப்பு 6.626 × 10⁻³⁴. ஏழு சதவீதம் தள்ளி நிற்கிறது. மேசையில் இருக்கும் பொருட்களை வைத்து, கோடி கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் எவ்வளவோ சிறிய ஒரு எண்ணை இவ்வளவு பக்கத்தில் பிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்களுக்கு இருபது சதவீதம் தள்ளி வந்தாலும் முயற்சி வீணில்லை, எங்கே தவறியது என்று தேடுவதுதான் அடுத்த வேலை.

ஒரே ஒரு எல்.இ.டியின் வோல்ட்டை எடுத்து நேராகக் கணக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், பக்கத்தில்கூட வரும். ஆனால் அந்த வோல்ட்டுக்குள் நிறத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களும் கலந்திருக்கின்றன. அறை வெப்பம் எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் இலவசமாக ஆற்றல் கொடுக்கிறது, நாம் தேர்ந்தெடுத்த 0.1 மில்லி ஆம்பியர் என்பதும் நம் இஷ்டத்துக்கு எடுத்ததுதான். இவை எல்லா விளக்குக்கும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் கோடு மொத்தமாக மேலேயோ கீழேயோ நகரும், சாய்வு மாறாது. சாய்வை நம்பு, உயரத்தை நம்பாதே என்பதுதான் இதன் சூட்சுமம். அதற்கும் மீறி வரும் பிழைக்குக் காரணம், சிவப்பும் மஞ்சளும் ஒரு வகைப் பொருளில், பச்சையும் நீலமும் காலியம் நைட்ரைடு வகைப் பொருளில் செய்யப்படுவது. (அந்த நீல எல்.இ.டிக்கே 2014-ல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். நம் கையில் இருக்கும் கருவியே பரிசு வாங்கியதுதான்.)

சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் பட்ட பாடும் இதேதான். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும், எந்த உலோகமானாலும் சாய்வு ஒன்றாகவே இருக்க வேண்டும், உயரம் மட்டும் உலோகத்துக்கு உலோகம் மாறலாம். சொல்வதற்குச் சுலபம். சோடியம், லித்தியம் போன்ற உலோகங்களைக் காற்றில் வைத்த மாத்திரத்தில் மேற்பரப்பு கெட்டுப்போகும், அளவும் கெட்டுப்போகும். அதனால் அவர் காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே உலோக உருளைகளையும் ஒரு கத்தியையும் வைத்து, வெளியிலிருந்து மின்காந்தத்தால் அந்தக் கத்தியைத் திருப்பி, ஒவ்வொரு முறையும் உலோகத்தைச் சீவிப் புதுப் பரப்பு எடுத்து அளந்தார். ஒரு பட்டறையையே வெற்றிடத்துக்குள் நுழைத்த மாதிரி. 1916-ல் வெளியிட்ட முடிவு நம் அலகில் 6.57 × 10⁻³⁴.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மில்லிகனுக்கு ஐன்ஸ்டீனின் ஒளிப் பொட்டலத்தில் நம்பிக்கையே கிடையாது என்பது. தவறு என்று நினைத்த ஒரு கருத்தை வருடக்கணக்கில் சோதித்து, கோடு நேராக வந்தபோது அதை அப்படியே வெளியிட்டார், 'சமன்பாடு சரி, அதன் பின்னால் இருக்கும் விளக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை' என்ற நிலையிலேயே.

ஐந்தாம் படி: இப்போது படிக்கலாம், ஆனால் இந்த வரிசையில்

நோபல் அமைப்பின் இணையதளத்தில் பரிசு பெற்றவர்களின் உரைகள் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் மில்லிகனின் உரை. நீங்களே கோடு வரைந்துவிட்டதால் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று உடனே பிடிபடும்.

அடுத்து ஐன்ஸ்டீனின் உரைக்குத்தான் போகத் தோன்றும். போகாதீர்கள். 1921-க்கான பரிசு 1922 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது, அப்போது அவர் ஜப்பானுக்குப் பயணம் போய்க்கொண்டிருந்தார். உரையை 1923-ல் கோதன்பர்க் நகரில் நிகழ்த்தினார், பேசியது சார்பியலைப் பற்றி. பரிசு கொடுத்தது ஒளிமின் விளைவின் விதிக்கு, அந்த உரையில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

அதனால் இரண்டாவதாகப் பிளாங்க்கின் உரை. இதில் ஒரு பின்னணி தெரிந்திருக்க வேண்டும். பெர்லினில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில், சூடான உலை எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி விடுகிறது என்று துல்லியமாக அளந்துகொண்டிருந்தார்கள். ரூபன்ஸும் குர்ல்பாமும் எடுத்த புது அளவுகள் பழைய சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. 1900 டிசம்பர் 14 அன்று பிளாங்க் அந்த அளவுகளுக்குப் பொருந்தும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார், அதற்காக ஆற்றலைத் துண்டு துண்டாக எண்ண வேண்டி வந்தது. உலையின் அளவுகளை மட்டும் வைத்து அவர் அன்றைக்குக் கணக்கிட்ட மதிப்பு 6.55 × 10⁻³⁴. இன்றைய மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில்! சூடான உலையிலும், சீவிய சோடியத்திலும், நம் எல்.இ.டியிலும் ஒரே எண் வந்து நிற்கிறது பாருங்கள், அதனால்தான் எல்லோரும் கடைசியில் நம்ப வேண்டியதாயிற்று. 2019 மே 20 முதல் கிலோகிராம் என்ற அலகையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள்.

ஆறாம் படி: 1240 என்ற குறுக்குவழி

போரும் பிராங்க்-ஹெர்ட்ஸும் பயமுறுத்தினால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 1240-ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஒரு ஒளிப் பொட்டலத்தின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தில் பெறும் ஆற்றல்) வரும். நீலம் 470 என்றால் 2.64.

1914-ல் ஜேம்ஸ் பிராங்க்கும் குஸ்தாவ் ஹெர்ட்ஸும் பாதரச ஆவிக்குள் எலக்ட்ரான்களை ஓடவிட்டார்கள். எலக்ட்ரானின் ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டும்வரை பாதரச அணு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, எட்டியதும் மொத்தத்தையும் விழுங்கியது. விழுங்கியதை ஒளியாகத் திருப்பி விட்டது. அந்த ஒளியின் அலைநீளம் 254 நானோமீட்டர். 1240-ஐ 254-ஆல் வகுத்துப் பாருங்கள், 4.88. அணுவுக்குள் ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்க முடியும் என்று முந்தைய வருடம் போர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை, ஆனால் அவர்கள் இருவரும் முதலில் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை, அணுவிலிருந்து எலக்ட்ரானே பிய்ந்து போகும் ஆற்றல் அது என்று நினைத்தார்கள். பழைய டியூப்லைட்டுக்குள் இருப்பதும் இதே பாதரசம், இதே 254தான், உள்பூச்சு அதை வெள்ளை ஒளியாக மாற்றிக் கொடுக்கிறது.

காம்ப்டனுக்கு வீட்டுச் சோதனை கிடையாது, எக்ஸ் கதிர் வேண்டும். கிராஃபைட்டில் மோதித் திரும்பிய எக்ஸ் கதிரின் அலைநீளம் கொஞ்சம் கூடியிருந்தது, அதாவது பொட்டலம் எலக்ட்ரானோடு கேரம் காய் மாதிரி மோதி ஆற்றலைப் பறிகொடுத்திருந்தது என்பதை மட்டும் இப்போதைக்குத் தெரிந்துகொண்டால் போதும். 1923-ல் இது வந்த பிறகுதான் ஒளிப் பொட்டலத்தைச் சந்தேகித்த பலரும் வழிக்கு வந்தார்கள். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் கொல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, இதே மாதிரி ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் நடக்குமா என்று திரவங்களில் தேடித்தான் 1928-ல் ராமன் விளைவைக் கண்டார். 1930-ன் பரிசு அதற்கு.

கடைசியாக அந்த அகச்சிவப்பு விளக்கு

இதை மட்டும் அளக்காமல் எடுத்து வைத்திருந்தோம். 940 நானோமீட்டர் என்றால் 319 டெராஹெர்ட்ஸ். நீங்கள் வரைந்த கோட்டை இடது பக்கம் 319 வரை பென்சிலால் நீட்டி, அங்கே எத்தனை வோல்ட் வருகிறது என்று முதலில் தாளில் எழுதுங்கள். மேலே சொன்ன உதாரணக் கோட்டில் அது 1.09 வோல்ட். எழுதிய பிறகே விளக்கைச் சுற்றில் மாட்டுங்கள். எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. குமிழை நன்றாகத் திருப்பிவிட்டு போன் கேமரா வழியாகப் பார்த்தால் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும் (சில போன்களில் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் பாருங்கள்). அப்புறம் மின்னோட்டத்தைப் பழையபடி 0.1 மில்லி ஆம்பியருக்கு இறக்கி, மீட்டரை எல்.இ.டியின் கால்களில் வைத்து, எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.